தெதெலெஸ்தாய்: "முடிந்தது" என்ற சொல்லுக்குள் இருக்கும் இலக்கணம்

யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம், 30-ஆம் வசனம்; சிலுவையில் இயேசு உயிர்விடும் இடம். பழைய தமிழ் வேதாகமத்தில் அது இப்படி இருக்கிறது: "இயேசு காடியை வாங்கினபின்பு, முடிந்தது என்று சொல்லி, தலையைச் சாய்த்து, ஆவியை ஒப்புக்கொடுத்தார்." 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் "எல்லாம் நிறைவேறிற்று" என்று வருகிறது. இரண்டுக்கும் அடியில் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்: தெதெலெஸ்தாய்.

சிறு வயதில் இந்த "முடிந்தது" என்பதை ஒரு பெருமூச்சாகவே வாசித்துவந்தேன். "அவன் கதை முடிந்தது" என்று சொல்கிறோமே, அந்த முடிவு. வலி முடிந்தது, வாழ்க்கை முடிந்தது, இனி ஒன்றும் இல்லை என்பது போல. கிரேக்க இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களைத் தாண்டிய பிறகு அந்த வாசிப்பு என் கையைவிட்டுப் போய்விட்டது. அப்படி வாசிக்க அந்தச் சொல்லின் வடிவம் இடம் தருவதில்லை. ஏன் இடம் தருவதில்லை என்பதைக் கிரேக்கம் அறியாதவருக்கும் சொல்லிவிட முடியும். தமிழ் வினைச்சொற்களின் பழக்கம் இருந்தால் போதும்.

முதலில் உச்சரிப்பு. கிரேக்கத்தில் பத்து எழுத்துகள் கொண்ட சொல் இது. தெ, தெ, லெஸ், தாய் என்று நான்கு அசைகள். அழுத்தம் இரண்டாவது 'தெ'யில் விழும். தமிழில் 'த' என்று எழுதினாலும், 'பத்து' என்பதில் ஒலிக்கிற வல்லோசையாகவே எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். 'பாதை' என்பதில் வருகிற மெல்லிய ஓசை கூடாது. எகரம் மூன்றும் குறில். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் தனித்தனி எழுத்து வைத்திருப்பதில் கிரேக்கமும் தமிழும் ஒத்துப்போகின்றன. அதனால் நமக்கு இது எளிது. இன்றைய கிரேக்கர்கள் கடைசி அசையைத் 'தே' போலச் சொல்வார்கள். பாடசாலைகளில் 'தாய்' என்பதே வழக்கம்.

இனி சொல்லைப் பிரிப்போம். நடுவில் இருக்கும் 'தெலெஸ்' தான் வேர்ப்பகுதி. முன்னால் ஒட்டியிருக்கும் 'தெ' காலத்தைக் காட்டும் ஒட்டு. கடைசியில் இருக்கும் 'தாய்' விகுதி. இந்த மூன்றும் மூன்று செய்திகளைச் சொல்கின்றன: எந்தச் செயல், அது எந்த நிலையில் இருக்கிறது, எதைப் பற்றியது.

வேரில் தொடங்குவோம். 'தெலோஸ்' என்ற பெயர்ச்சொல்லின் குடும்பம் இது. தெலோஸ் என்றால் முடிவு. ஆனால் நூல் அறுந்துபோவது போன்ற முடிவு அதன் முதல் பொருள் அல்ல. ஓட்டக்காரன் தொட வேண்டிய எல்லை, ஒரு காரியம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம், இவைதாம் அந்தச் சொல்லில் நிற்கின்றன. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் 'தெலேயோ'. புதிய ஏற்பாட்டில் இந்த வினை 28 முறை வருகிறது. மத்தேயு 7:28-இல் இயேசு பேசி முடித்ததைச் சொல்வதும் இதுவே. லூக்கா 2:39-இல் யோசேப்பும் மரியாளும் நியாயப்பிரமாணத்தின்படி சகலத்தையும் செய்து முடித்ததைச் சொல்வதும் இதுவே. ரோமர் 13:6-இல் வரி செலுத்துவதற்கும் இதே வினைதான். பேச்சு, கடமை, வரி எதுவானாலும், முழுமையாகச் செய்து தீர்க்க வேண்டிய ஒன்றைச் செய்து தீர்ப்பதே இதன் கரு. வரி செலுத்தும் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

காலத்தைக் காட்டும் 'தெ'

இந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

"கதவு திறந்தது." "கதவு திறந்திருக்கிறது." இரண்டும் தமிழ்தான். முதலாவது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது: மூடியிருந்த கதவு ஒரு கணத்தில் திறந்தது. பிறகு அது மூடப்பட்டிருக்கலாம். வாக்கியம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டாவது, நான் பேசுகிற இந்த நேரத்தில் கதவு எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. திறந்த செயல் முன்பே நடந்தது. அதன் விளைவு இப்போது கண்முன்னே இருக்கிறது. "திறந்து" என்பதில் இறந்தகாலம், "இருக்கிறது" என்பதில் நிகழ்காலம். ஒரே வினைமுற்றில் இரண்டு காலங்கள் கைகோத்து நிற்கின்றன.

கிரேக்கம் இந்த இரண்டுக்கும் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறது. நிகழ்ச்சியை முழுதாக, ஒரு புள்ளி போலச் சொல்லும் வடிவத்துக்கு அயோரிஸ்ட் என்று பெயர். கதை சொல்லும்போது பெரும்பாலும் அதுதான் ஓடும். நடந்து முடிந்த செயலின் விளைவு இப்போது நிற்கிறது என்று சொல்லும் வடிவத்துக்கு பெர்ஃபெக்ட் என்று பெயர்; தமிழில் நிறைவுநிலை எனலாம். நிறைவுநிலையை அடையாளம் காண்பது எளிது: வினையின் முதல் மெய்யெழுத்தை எகரத்தோடு சேர்த்து முன்னால் இன்னொரு முறை வைப்பார்கள். 'தெலெஸ்' என்பது 'தெ-தெலெஸ்' ஆவது இப்படித்தான். 'எழுது' என்ற பொருளுள்ள 'க்ராஃபோ' என்ற வினையில் 'கெ' முன்னால் வந்து 'கெக்ராஃபா' ஆகும்.

அந்த எழுதுதலையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு 4:4-இல் சோதனைக்காரனுக்கு இயேசு சொல்லும் மறுமொழி தமிழில் "என்று எழுதியிருக்கிறதே" என்று முடிகிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'கெக்ராப்தாய்'. இதே நிறைவுநிலை, இதே 'தாய்' விகுதி, தெதெலெஸ்தாயின் உடன்பிறப்பு. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு "எழுதினார்கள்" என்று போடவில்லை. எழுதியிருக்கிறது: என்றோ எழுதப்பட்டது, இன்றும் எழுத்தாக நின்று பேசுகிறது. இலக்கணப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குவதை அந்த ஒரு தமிழ்ச்சொல் செய்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இடங்களில் இது ஒன்று.

யோவான் 19-ஆம் அதிகாரத்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. சிலுவையின்மேல் வைத்த எழுத்தை மாற்றச் சொல்லி ஆசாரியர்கள் கேட்கிறார்கள். பிலாத்து மறுக்கிறான். 22-ஆம் வசனம்: "நான் எழுதினது எழுதினதே." கிரேக்கத்தில் 'கெக்ராஃபா' என்ற ஒரே வினைமுற்று இரண்டு முறை வருகிறது, இரண்டும் நிறைவுநிலை. எழுதியாகிவிட்டது, அது அப்படியே நிற்கும், இனி அதில் கைவைக்க முடியாது என்பது பொருள். தமிழில் அந்தக் கடைசி ஏகாரம் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. எட்டு வசனங்கள் கழித்து அதே நிறைவுநிலையில் இயேசுவின் சொல் வருகிறது. யோவான் இதை எண்ணி வைத்தாரா என்று வாதாட நான் முனையவில்லை. கிரேக்கத்தில் தொடர்ந்து வாசிக்கிறவர் காதில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

இப்போது 30-ஆம் வசனத்தை நெருங்கிப் பாருங்கள். காடியை வாங்கினார்: அயோரிஸ்ட். சொன்னார்: அயோரிஸ்ட். ஆவியை ஒப்புக்கொடுத்தார்: அயோரிஸ்ட். கதை ஒன்றன்பின் ஒன்றாக அடியெடுத்து வைத்து நகர்கிறது. நடுவில் அவர் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல் மட்டும் நிறைவுநிலையில் நிற்கிறது. சுற்றியுள்ள வினைகள் எல்லாம் கடந்துபோகின்றன, இது போகவில்லை.

இதே வினையை அயோரிஸ்டில் சொல்ல வடிவம் இல்லாமல் இல்லை. 'எதெலெஸ்தே' என்று சொல்லலாம். வெளிப்படுத்தின விசேஷம் 15:1-இல் தேவகோபம் முடிவடைவதைப் பற்றிப் பேசும்போது அந்த வடிவமே வருகிறது. ஆகவே யோவான் 19:30-இல் தெதெலெஸ்தாய் என்று இருப்பதை, வேறு வழியில்லாமல் வந்த வடிவம் என்று ஒதுக்க முடியாது.

அப்படியானால் தமிழில் "முடிந்திருக்கிறது" என்று போட்டிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காலையில் எழுந்து ஈரமான தரையைப் பார்த்து "இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை; தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். தமிழின் "இருக்கிறது" சில இடங்களில் இந்த ஊகத்தின் சாயலைக் கொண்டுவந்துவிடும். சிலுவையில் தொங்குகிறவர் "முடிந்திருக்கிறது" என்றால், யாரோ முடித்துவைத்ததை இப்போதுதான் கண்டுபிடித்தவர் போல ஒலிக்கும். அது பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தவிர்த்தது சரி என்றே நினைக்கிறேன்.

'நிறைவேறிற்று' என்ற சொல்லில் வேறொரு நயம் இருக்கிறது. ஒப்படைத்த வேலையைப் பற்றி "ஆயிற்றா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆயிற்று" என்று மறுமொழி வருகிறது. அந்த "ஆயிற்று" வடிவத்தில் இறந்தகாலம்தான். ஆனால் கேட்டவருக்குக் கிடைக்கிற செய்தி நிகழ்காலத்துக்கானது: வேலை முடிந்து தயாராக நிற்கிறது, நீங்கள் வந்து பார்க்கலாம். தெதெலெஸ்தாய்க்கு மிக அருகில் வரும் தமிழ் ஓசை இதுவென்று எனக்குப் படுகிறது. நிறைவேறிற்று என்பதிலும் அதே 'இற்று' விகுதி நின்று அந்தச் சாயலைக் கொஞ்சம் கொடுக்கிறது.

நிறைவுநிலை தமிழில் மறைந்துபோகும் இடமும் உண்டு. 1 கொரிந்தியர் 15:3-4-இல் பவுல் நற்செய்தியைச் சுருக்கிச் சொல்கிறார். "மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, உயிர்த்தெழுந்து" என்று தமிழ் வினையெச்சங்களாக அடுக்குகிறது. கிரேக்கத்தில் மரித்ததும் அடக்கம்பண்ணப்பட்டதும் அயோரிஸ்ட். உயிர்த்தெழுந்தது மட்டும் நிறைவுநிலை. மரணமும் அடக்கமும் நடந்து கடந்த நிகழ்ச்சிகள். உயிர்த்தெழுந்தவரோ இப்போதும் உயிர்த்தெழுந்தவராகவே இருக்கிறார். வினையெச்சம் காலத்தைக் கடைசி வினைமுற்றிடம் விட்டுவிடுவதால், தமிழில் மூன்றும் ஒரே உயரத்தில் நின்றுவிடுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நிறைவுநிலை என்றதும், "செயல் முடிந்தது, அதன் பலன் என்றென்றைக்கும் நிற்கும் என்பதே இதன் இலக்கணம்" என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதல் பாதி சரி. "என்றென்றைக்கும்" என்பது இலக்கணத்தில் இல்லை. யோவான் 11:11-ஐப் பாருங்கள்: "நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான், நான் அவனை எழுப்பப்போகிறேன்." நித்திரையடைந்திருக்கிறான் என்பதும் கிரேக்கத்தில் நிறைவுநிலைதான். அந்த நிலை என்றென்றைக்கும் நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் லாசரு எழுந்து வெளியே வருகிறான். பேசுகிற நேரத்தில் விளைவு நிற்கிறது, அவ்வளவுதான் இந்த வடிவம் சொல்வது. சிலுவையில் நிறைவேறியது என்றைக்கும் நிற்குமா என்ற கேள்விக்கு விடை வேதத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வர வேண்டும். எபிரெயர் நிருபம் "ஒரேதரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதிலிருந்து வரலாம். விசுவாசத்தின் பாரம் முழுவதையும் ஒரு முன்னொட்டின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

28-ஆம் வசனத்தில் இதே சொல்

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தெதெலெஸ்தாய் என்ற இந்த வடிவம் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று 19:30. மற்றது, இரண்டு வசனங்களுக்கு முன்னால், 19:28: "அதன்பின்பு, எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து, வேதவாக்கியம் நிறைவேறத்தக்கதாக: தாகமாயிருக்கிறேன் என்றார்." இந்த "முடிந்தது" என்பதும் தெதெலெஸ்தாய். முதல் முறை அது அவருடைய அறிவுக்குள் இருக்கிறது. இரண்டாம் முறை உதட்டில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் தாகம்.

28-ஆம் வசனத்தில் எழுவாயும் வெளிப்படையாக இருக்கிறது: 'பாந்தா', அதாவது எல்லாம். 30-இல் எழுவாயே இல்லை. வினை மட்டும் தனித்து நிற்கிறது. திருவிவிலியம் 30-ஆம் வசனத்திலும் "எல்லாம்" என்று சேர்த்திருப்பது முன்வசனத்திலிருந்து எடுத்துத்தான். பொருள் தெளிவாகிறது, ஒற்றைச்சொல்லின் வேகம் குறைகிறது. பழைய மொழிபெயர்ப்பு அந்த வேகத்தைக் காப்பாற்றுகிறது, ஆனால் தெலோஸின் நிறைவு என்ற பொருளை வாசகர் தாமே ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் திருவிவிலியத்தின் பக்கம் நிற்பேன்.

'பாந்தா' பற்றி ஒரு சிறு இன்பம். அது பன்மை, வினையோ ஒருமை. கிரேக்கத்தில் அஃறிணைப் பன்மை எழுவாய் பெரும்பாலும் ஒருமை வினையையே கொள்ளும். கிரேக்கம் கற்கிற பலர் இந்த விதியில் தடுமாறுவார்கள். தமிழர் தடுமாற வேண்டியதில்லை: "எல்லாம் முடிந்தது" என்றுதானே நாமும் சொல்கிறோம், "எல்லாம் முடிந்தன" என்று சொல்வது அரிது.

28-ஆம் வசனத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வேதவாக்கியம் நிறைவேறுவதைச் சொல்ல யோவான் வழக்கமாகக் கையாளும் கிரேக்க வினை 'ப்லேரோவோ', நிரப்புதல் என்ற பொருளுள்ளது. இதே அதிகாரத்தில் 24, 36 வசனங்களில் அதுதான் இருக்கிறது. 28-இல் மட்டும் அதை விட்டுவிட்டு 'தெலெயோவோ' என்ற வினையை எடுக்கிறார். தெலோஸின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வினை. ஆக, தெதெலெஸ்தாய், பிறகு அதன் உறவுச்சொல், மறுபடியும் தெதெலெஸ்தாய் என்று மூன்று மணிகள் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. பழைய மொழிபெயர்ப்பில் முடிந்தது, நிறைவேற, முடிந்தது என்று ஓசை அறுந்துவிடுகிறது. திருவிவிலியத்தில் நிறைவேறிவிட்டது, நிறைவேற, நிறைவேறிற்று என்று மூன்றும் ஒட்டி நிற்கின்றன.

அந்த உறவுச்சொல்லைப் பின்தொடர்ந்து பின்னோக்கிப் போனால் நற்செய்தி முழுவதும் ஒரு கோடு தெரியும். 4:34-இல், கிணற்றருகே, இயேசு, என்னை அனுப்பினவருடைய கிரியையை முடிப்பதே என் போஜனம் என்கிறார். 17:4-இல், ஜெபத்தில், "நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன்" என்கிறார். இரண்டிலும் 'தெலெயோவோ'. 13:1-இல் தம்முடையவர்களிடம் "முடிவுபரியந்தமும்" அன்புவைத்தார் என்ற இடத்தில் இருப்பது தெலோஸ் என்ற பெயர்ச்சொல்லே. சிலுவைக்கு வந்து சேரும்போது வாசகர் காதில் இந்த வேர் பலமுறை ஒலித்து முடிந்திருக்கும்.

"கடன் தீர்ந்தது" என்ற விளக்கம்

இந்தச் சொல்லைப் பற்றித் தேடுகிறவர் எவரும் ஒரு விளக்கத்தைச் சந்திக்காமல் போக மாட்டார்: பழங்காலத்தில் கடன் தீர்ந்ததும் ரசீதின்மேல் தெதெலெஸ்தாய் என்று எழுதுவார்கள், எனவே இயேசு "கடன் முழுவதும் செலுத்தப்பட்டது" என்றே சொன்னார். கேட்க உருக்கமாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ரசீதுகளில், 'தெதெல்' என்று சுருக்கி எழுதிய சுங்கச்சாவடிச் சீட்டுகள் உண்டு. முதலில் அவற்றைத் தெதெலெஸ்தாய் என்று விரித்து வாசித்தார்கள். அந்த வாசிப்பு அகராதிக்குள் நுழைந்து, அங்கிருந்து பிரசங்கங்களுக்குப் போனது. ஆனால் அந்தச் சுருக்கத்தை ஆய்வாளர்கள் இன்று 'தெதெலோனேதாய்' என்றே விரிக்கிறார்கள். அது வேறொரு வினை; சுங்கம் செலுத்தியாயிற்று என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் நாம் அறிந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) கிரேக்கத்தில் 'தெலோனேஸ்'. அந்தச் சொல்லின் வினைதான் இது. ஆயம் செலுத்தி வாசலைக் கடந்ததற்கான சீட்டே தவிர, கடன் ரத்தான பத்திரம் அல்ல.

செலுத்துதல் என்ற பொருள் தெலேயோ வினைக்கு உண்டு என்று முன்பே பார்த்தோம். ஆனால் ஒரு சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதைச் சுற்றியுள்ள வாக்கியம் தீர்மானிக்கிறது. 28-ஆம் வசனத்தில் "எல்லாம்" என்ற எழுவாயும், வேதவாக்கியம் நிறைவேறுதலும், அனுப்பினவரின் கிரியையும் இந்தச் சொல்லைச் சூழ்ந்து நிற்கின்றன. வரியோ கடனோ அங்கே இல்லை. கடன் பத்திரத்தின் உவமை வேண்டுமென்றால் கொலோசெயர் 2:14-இல் அது தெளிவாகவே இருக்கிறது: நமக்கு எதிரிடையான கையெழுத்தை எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று பவுல் எழுதுகிறார். அங்கே "கையெழுத்து" என்பது கடன்பட்டவர் எழுதிக்கொடுக்கும் பத்திரம். அந்தச் செல்வத்தை அது இருக்கிற இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

'தாய்' என்ற விகுதி

கடைசி அசைக்கு வந்துவிட்டோம். 'தாய்' என்பது படர்க்கை ஒருமை; இங்கே செயப்பாட்டுவினை. "அது நிறைவேற்றப்பட்டிருக்கிறது" என்று நீட்டி எழுதினால் எல்லா உறுப்புகளும் வந்துவிடும். யார் நிறைவேற்றியது என்பது சொல்லில் இல்லை.

"முடிந்தது", "முடித்தது" என்று தமிழில் ஒரு மெய்யெழுத்து மாறினாலே செயல் தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பது மாறிவிடும். பழைய மொழிபெயர்ப்பின் "முடிந்தது" தானாக முடிந்த ஓசையைத் தருகிறது. கிரேக்கச் செயப்பாட்டுவினை, செய்தவர் ஒருவர் உண்டு என்பதை உள்ளே வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லாமல் விடுகிறது.

இதைப் பவுலின் சொல்லோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 2 தீமோத்தேயு 4:7: "ஓட்டத்தை முடித்தேன்." கிரேக்கத்தில் 'தெதெலெகா'. அதே வேர், அதே 'தெ' முன்னொட்டு, அதே நிறைவுநிலை. விகுதி மட்டும் வேறு: தன்மை ஒருமை, செய்வினை. பவுல் "நான்" என்கிறார். அவர் ஓடி முடித்த ஓட்டம் அது, சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. யோவான் 17-இல் பிதாவிடம் ஜெபிக்கும்போது இயேசுவும் "நான் முடித்தேன்" என்றே சொல்கிறார். சிலுவையில், எல்லோரும் கேட்க, கடைசியாகச் சொல்லும்போது அந்த "நான்" இல்லை. வேர் இருக்கிறது, நிறைவு இருக்கிறது, செய்தவர் பெயர் மட்டும் இல்லை. பிறகு தலையைச் சாய்த்தார் என்று யோவான் எழுதுகிறார்.